ஆமை வாங்கும் முன் ஆளைப் பாருங்கள்

தஞ்சாவூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய பெண் குடும்பத்தோடு இங்கிலாந்தில் இருக்கிறாள். 9 வயதுப் பேத்திக்கு நாய் வேண்டாமாம், பூனை வேண்டாமாம், ஆமைதான் வேண்டுமாம். "வருகிற மார்ச்சில் பிறந்தநாள். வாங்கிக் கொடுத்தே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறது குழந்தை. செல்போனில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. மற்ற இடங்களில் கேட்கும் விலையில் பாதிதான். மாப்பிள்ளை வாங்கிவிடலாம் என்கிறார். எனக்கோ ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று மனசு அடித்துக்கொள்கிறது. பாதி விலை என்பதும் உறுத்துகிறது. என்ன சொல்லட்டும்?" என்று கேட்கிறார்.

முதல் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். ஆமையும் அமீனாவும் புகுந்த வீட்டைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னது எனக்கும் தெரியும். அமீனா ஜப்தி செய்ய வருகிறவர். அவர் வந்த வீடு உருப்படாமல் போனதற்குக் காரணம் கடன். பாவம், ஆமை என்ன செய்தது? ஆந்திராவில் ஸ்ரீகூர்மம் என்று ஓர் ஊர். அங்கே மூலவரே கூர்மாவதாரப் பெருமாள்தான். நம் பக்கத்துப் பழைய வீட்டுக் கிணறுகளில் பூச்சி புழுவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கட்டும் என்று ஓர் ஆமையை விட்டு வைத்திருந்ததை உங்களில் பலர் எட்டிப் பார்த்திருப்பீர்கள். அந்த வீடுகளெல்லாம் கெட்டா போயின? ஆகவே அந்தக் கவலையை விடுங்கள்.

இரண்டாவது பயம் இருக்கிறதே, அந்தப் பாதி விலை, அது நியாயமான பயம். அதைப் பற்றித்தான் இந்தத் தடவை முழுக்க எழுதப் போகிறேன்.

அதற்கு முன் இங்கே நம் ஊரில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு "நாமும் ஒரு நட்சத்திர ஆமை வாங்கலாமே" என்று கிளம்பிவிடாதீர்கள். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக இருக்குமே, அந்த அழகான ஆமையை நம் நாட்டில் வீட்டில் வைத்துக்கொள்வதே குற்றம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இருக்கிறது. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது அதைப் புலியும் யானையும் இருக்கிற முதல் அட்டவணைக்கே கொண்டுபோய்விட்டார்கள். 2023 ஏப்ரலிலிருந்து அது அமலில் இருக்கிறது. மாட்டிக்கொண்டால் 3 வருஷத்துக்குக் குறையாமல் 7 வருஷம் வரை சிறை. "பணம் பெருகும், லக்ஷ்மீகரம்" என்று சொல்லி யாராவது துணிப்பையில் கொண்டுவந்து காட்டினால், அது காட்டிலிருந்து திருடியதுதான். இந்தியாவில் நட்சத்திர ஆமைக்கு நல்ல வியாபாரி, கெட்ட வியாபாரி என்ற பேதமே கிடையாது. விற்கிறவர் எவரும் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்தான்.

மீன் தொட்டிக் கடைகளில் ரூபாய் நாணயம் அளவுக்குப் பச்சைப் பசேலென்று குட்டி ஆமைகள் நீந்துகின்றனவே, அவை வேறு. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும். அமெரிக்காவைச் சேர்ந்த தண்ணீர் ஆமை. நாணயம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், தொட்டி நாறும், வீட்டுக்காரர் அலுத்துப்போய்க் கோயில் குளத்தில் கொண்டுபோய் விடுவார். புண்ணியம் என்று நினைத்துத்தான் விடுவார். ஆனால் குளத்தில் ஏற்கெனவே இருக்கும் நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பிடுங்கிக்கொள்ளும். உலகத்திலேயே மோசமான 100 அந்நிய உயிரினங்கள் என்று தயாரித்த பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. நம் குழந்தைகளுக்கு ஆமை பார்க்கும் ஆசை இருந்தால் மகாபலிபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது. 1976-இலிருந்து இருக்கிறது. முதலைகளோடு ஆமைகளையும் அங்கே வேண்டுமட்டும் பார்க்கலாம். அதோடு நிறுத்திக்கொள்வோம்.

இனி தஞ்சாவூர்ச் சகோதரியின் பெண்ணுக்கு.

அம்மா, உங்கள் நாட்டில் ஆமை வளர்ப்பது சட்டப்படி முடியும். ஆனால் அதற்கு ஒரு சோகக் கதை இருக்கிறது. ஒரு காலத்தில் மொராக்கோ, துருக்கி, யுகோஸ்லாவியா முதலிய தேசங்களிலிருந்து காட்டு ஆமைகளைக் கப்பல் கப்பலாகப் பெட்டியில் அடுக்கி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து தெருக்கடைகளில் விற்றார்கள். வழியில் செத்தவை போக, வந்து சேர்ந்தவற்றிலும் பெரும்பாலானவை முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. கடைசியில் 1984-இல்தான் மத்தியதரைக்கடல் பக்கத்து ஆமைகளை வியாபாரத்துக்காகக் கொண்டுவரக் கூடாது என்று ஐரோப்பிய சமூகம் தடை போட்டது. அதற்குப் பிறகு அங்கேயே முட்டையிட்டுப் பொரித்த குஞ்சுகளை விற்பவர்கள் முளைத்தார்கள். பிரீடர் என்கிறார்களே, அவர்கள். நல்ல பிரீடர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு வெறும் கைமாற்று வியாபாரம் செய்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

காகிதத்திலிருந்து ஆரம்பியுங்கள். வீடுகளில் அதிகம் வளர்ப்பது ஹெர்மன் ஆமை. அதற்கும், தொடையில் முள் மாதிரி இருக்கிற கிரேக்க ஆமைக்கும் 'ஆர்ட்டிகிள் 10' என்ற சான்றிதழ் இல்லாமல் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ஏ.பி.எச்.ஏ. என்ற அரசாங்க முகமை அதைக் கொடுக்கிறது. நம் நட்சத்திர ஆமையும் 2019-இலிருந்து இதே வரிசையில்தான் இருக்கிறது. வயிற்றுப்பக்க ஓடு 10 சென்டிமீட்டரை எட்டிய ஆமை என்றால் தோலுக்கடியில் அரிசி அளவு மைக்ரோசிப் வைத்திருக்க வேண்டும். அதன் எண் சான்றிதழில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். குட்டிக்குச் சிப் இருக்காது, ஆனால் சான்றிதழ் இருக்க வேண்டும். "பேப்பர் எல்லாம் அப்புறம் தபாலில் அனுப்புகிறேன்" என்றால் "ஆமையையும் அப்புறமே வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அந்தப் பாதி விலைக்காரரிடம் உங்கள் வீட்டுக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். அநேகமாக அதற்கு மேல் கேள்வியே தேவைப்படாது.

ஹார்ஸ்ஃபீல்ட் என்ற மத்திய ஆசியா ஆமைக்கு இந்தச் சான்றிதழ் வேண்டியதில்லை. அதனாலேயே ஏமாற்று அதில் அதிகம். ஒரே அளவில் பத்துப் பதினைந்து வளர்ந்த ஆமைகள், ஓட்டில் பழைய கீறல், ஓரமெல்லாம் தேய்ந்து சிதைந்திருக்கிறது என்றால், அவை யார் வீட்டுத் தோட்டத்திலும் பிறக்கவில்லை என்று அர்த்தம். பண்ணையில் வளர்ந்தது என்று சொல்வார்கள். பண்ணை எங்கே, குஞ்சு பொரித்த தேதி என்ன, தாய் எங்கே என்று கேளுங்கள்.

தாயைக் கேட்பதைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்கிறேன். நம் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனால் பெண்ணை மட்டுமா பார்க்கிறோம்? வீட்டையும் அம்மாவையும் சேர்த்துத்தான் பார்க்கிறோம். இங்கேயும் அப்படித்தான். உண்மையான பிரீடர் தாய் ஆமையையும், முடிந்தால் தகப்பனையும் காட்டுவார். முட்டையைப் புதைத்து வைத்துச் சூடு காட்டும் இன்குபேட்டர் பெட்டியைக் காட்டுவார். குட்டிகளின் எடையைத் தேதி வாரியாக எழுதி வைத்த நோட்டு இருக்கும். ஹெர்மன் ஆமை ஒரு ஈட்டுக்கு நாலைந்து முட்டைதான் இடும், வருஷத்தில் ஒன்றிரண்டு ஈடு. ஆகவே ஒரு வீட்டில் ஒரு வருஷத்துக்குச் சில குட்டிகள்தான் தேறும். எந்த மாசம் போனாலும் கூடை நிறையக் குட்டிகள் இருந்தால் அது வளர்ப்பு வீடு இல்லை, மண்டி.

காலக்கணக்கும் உதவும். வைகாசி, ஆனி வாக்கில் முட்டையிட்டால் இரண்டு மூன்று மாசத்தில் பொரிக்கும். அதாவது ஆகஸ்டு, செப்டம்பர். மார்ச் மாசம் கொண்டுவந்து "நேற்றுத்தான் பொரித்தது" என்றால் எப்படி என்று கேட்கத்தான் வேண்டும். பிறந்தநாளுக்கு உங்களுக்கு வேண்டியது போன செப்டம்பரில் பொரித்து ஆறு மாசமாகத் தின்று எடை ஏறியிருக்கும் குட்டிதான். பொரித்து ஒரு வாரமான குஞ்சை வாங்காதீர்கள். அது பிழைக்குமா என்பது பொரித்தவருக்கே தெரியாது.

"இது பெண் குட்டி, நிச்சயம்" என்று சொல்பவரையும் நம்பாதீர்கள். முட்டை இருந்த சூட்டைப் பொறுத்துத்தான் ஆமை ஆணா பெண்ணா என்பது தீர்மானமாகிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். அதை வைத்து ஊகிக்கலாமே தவிர, வெளியே தெரிய சில வருஷங்கள் ஆகும். இதில் ஒரு வேடிக்கை. செல்போர்ன் என்ற கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் வைட் தம் தோட்டத்து ஆமையைப் பற்றி நிறைய எழுதி வைத்தார். அதன் பெயர் டிமோத்தி, ஆண் பெயர். செத்த பிறகு ஓட்டைப் பரிசோதித்தவர்கள் அது பெண் என்றார்கள். ஓடு இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தில் இருக்கிறது. பவுடர்ஹம் கோட்டையில் இன்னொரு டிமோத்தி இருந்தது. போர்க்கப்பலில் பயணம் செய்த ஆமை. அதையும் ஆண் என்றே நினைத்திருந்து 1926-இல்தான் பெண் என்று கண்டுபிடித்தார்கள். அது 2004-இல் சாகும்போது வயது சுமார் 160. ஆம்பிளைப் பெயரோடே இரண்டும் காலத்தை ஓட்டியிருக்கின்றன பாருங்களேன்!

குட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அளவுக்குக் கொஞ்சம் கனமாக, ஈரக் கூழாங்கல்லை எடுத்த மாதிரி இருக்க வேண்டும். வெறும் டப்பா மாதிரி லேசாக இருந்தால் உள்ளே ஏதோ கோளாறு. கண் திறந்து பளிச்சென்று இருக்கட்டும். மூக்கில் நீர்க் குமிழி கூடாது. இதை மட்டும் சமாதானம் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். "தண்ணீர் குடித்தது" என்பார்கள். மூக்கு ஒழுகுவது மற்ற ஆமைகளுக்கும் தொற்றும் வியாதியாக இருக்கலாம். பின்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். கீழே விட்டால் நாலு காலையும் ஊன்றி ஓட்டைத் தரையில் உரசாமல் தூக்கி நடக்க வேண்டும். ஓடு வழுவழுப்பாக வளைந்திருக்க வேண்டும். கட்டம் ஒவ்வொன்றும் குட்டிக் கோபுரமாக மேடு கட்டியிருந்தால் வளர்த்தவர் ஈரமில்லாமல் காய்ச்சலாக வைத்திருந்தார் என்று சந்தேகிக்கலாம். நீங்கள் இருக்கும்போதே ஒரு இலையைப் போடச் சொல்லுங்கள். அது தின்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

சுற்றிலும் பாருங்கள். ஹெர்மனையும் ஹார்ஸ்ஃபீல்டையும் நட்சத்திர ஆமையையும் ஒரே தொட்டியில் கலந்து போட்டிருக்கிறாரா? திரும்பி வந்துவிடுங்கள். ஒரு தேசத்து ஆமை தாங்கிக்கொள்ளும் கிருமி இன்னொரு தேசத்து ஆமையைக் கொன்றுவிடும். விவரம் தெரிந்தவர் செய்யவே மாட்டார்.

நல்ல பிரீடருக்கு இன்னொரு அடையாளம், அவர் உங்களைக் கேள்வி கேட்பார். தோட்டம் இருக்கிறதா, வேலைக்குப் போகிறீர்களா, விளக்கு வாங்கியாயிற்றா என்று துருவுவார். கோபப்படாதீர்கள். இங்கிலாந்து வெயில் ஆமைக்குப் போதாது. உட்கார்ந்து காயும் இடத்தில் 30 முதல் 35 டிகிரி சூடு வேண்டும். அதோடு யு.வி.பி. விளக்கு தினம் 10, 12 மணி நேரம் எரிய வேண்டும். இல்லாவிட்டால் கால்சியம் சேராமல் ஓடு மெத்தென்று ஆகிவிடும். ஜன்னலோரம் வெயிலில் வைத்தேனே என்றால் பிரயோசனமில்லை, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கரண்டு பில், விளக்கு, தொட்டி எல்லாம் கூட்டினால் ஆமையின் விலை அதில் சின்னப் பங்குதான். பாதி விலையில் மிச்சம் பிடித்ததாக நினைப்பது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அப்போது தெரியும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம், நம் சமையலறைக் கீரைக்கட்டை விடச் சுலபம். தோட்டத்தில் தானாக முளைக்கும் டான்டிலயன், வாழையிலை மாதிரி நரம்பு ஓடும் பிளான்டைன், இவைதான் அமிர்தம். மருந்தடித்த புல்வெளியில் பறிக்கக் கூடாது. பழமும், சாதமும், நாய்க்குப் போடும் டப்பா உணவும் வேண்டவே வேண்டாம். பாட்டி ஊருக்கு வந்தால் பாசத்தில் வாழைப்பழம் நீட்டிவிடுவார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்!

குளிர்காலத் தூக்கத்தைப் பற்றியும் விற்பவர் விவரமாகச் சொல்ல வேண்டும். ஹெர்மன் ஆமை குளிர்காலத்தில் உறங்கும். சுமார் 5 டிகிரியில் நிதானமாக இருக்க வேண்டும் என்பதால் அங்கே பலர் அதைத் தனி ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். ஆமாம், ஃபிரிட்ஜில்தான். தினம் ஒரு தடவை கதவைத் திறந்து காற்று விட வேண்டும். அதற்கு முன் சில வாரம் தீனி நிறுத்தி வயிற்றைக் காலியாக்க வேண்டும். நோஞ்சான் ஆமையைத் தூங்க வைக்கவே கூடாது. இதையெல்லாம் கேட்டால் "அட்டைப்பெட்டியில் வைக்கோல் போட்டுப் பரணில் வைத்துவிடுங்கள்" என்று ஒரே வரியில் முடிப்பவரிடம் வாங்காதீர்கள். பழைய காலத்தில் அந்தப் பரணில்தான் நிறைய ஆமைகள் எழுந்திருக்காமலே போயின.

"இவ்வளவுதான் வளரும்" என்று உள்ளங்கையைக் காட்டுபவரிடமும் ஜாக்கிரதை. ஆப்பிரிக்காவின் சல்கேட்டா ஆமை குட்டியில் எலுமிச்சம்பழம் மாதிரிதான் இருக்கும், வளர்ந்தால் 40 கிலோவைத் தாண்டும். அதை இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும்.

வீட்டில் கைக்குழந்தையோ 5 வயதுக்குள் பிள்ளையோ, கர்ப்பிணியோ இருந்தால் இப்போது ஆமை வேண்டாம் என்றே சொல்வேன். ஆமை பார்க்க ஆரோக்கியமாக இருக்கும், ஆனால் அதன் குடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். குழந்தைகள் சின்ன ஆமைகளைத் தொட்டு வாயில் வைத்துக்கொண்டு வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக விழுந்ததால்தான் அமெரிக்காவில் 1975-இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்கவே தடை போட்டார்கள். 9 வயதுக் குழந்தைக்குச் சொன்னால் புரியும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தம் கூடாது. ஆமையின் தண்ணீர்த் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது, இது அம்மாவுக்கு. கை கழுவும் விஷயத்தை விற்பவரே எடுத்துச் சொன்னார் என்றால் நீங்கள் சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

கடிதத்தின் கடைசியில் சகோதரி ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "இவர்கள் நாலைந்து வருஷத்தில் ஊரோடு வந்துவிடப் போவதாகச் சொல்கிறார்கள். அப்போது ஆமையையும் கூட்டிக்கொண்டு வரலாமா?"

இதை முதலிலேயே எழுதியிருந்தால் என் பதில் அங்கேயே ஆரம்பித்திருக்கும். இது நாய்க்குட்டியைக் கூண்டில் போட்டு விமானத்தில் ஏற்றுகிற மாதிரி இல்லை. இந்த ஆமைகள் நாடு விட்டு நாடு போக இரண்டு பக்கத்து அரசாங்க அனுமதியும் வேண்டும். கிடைக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது. ஹெர்மன் ஆமை 50 வருஷம், அதற்கு மேலும் சாதாரணமாக இருக்கும். ஆகவே உங்கள் பெண் பிரீடரிடம் போகும்போது கடைசியாக இதைக் கேட்கட்டும்: "நாங்கள் ஊர் திரும்ப நேர்ந்தால் நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?" நல்லவர்கள் பலர் சரி என்பார்கள். சரி என்றால் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிச் சான்றிதழோடு சேர்த்து வைத்துக்கொள்ளட்டும். இல்லை என்றால், மார்ச் மாசம் பேத்திக்கு வேறு பரிசு யோசிக்கலாம். குழந்தை அழும்தான். அவள் அப்பாவிடம் சொல்லி, பக்கத்தில் எங்கே ஆமை வளர்க்கிறார்கள் என்று விசாரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே அழைத்துப்போய் இலை பறித்துப் போட வைக்கச் சொல்லுங்கள்.